இருபத்துமூன்றாவது குழி

1985 செப்டெம்பர் 10, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. கச்சான் காற்று விடியற்காலையிலிருந்தே அனலாக வீசிக்கொண்டிருந்தது. திருகோணமலை நகரத்துப் படைமுகாம் ஒன்றில், ஒரு இரும்புக் கதிரையில் உட்கார்ந்து, நான் பொய் சொன்னேன்.

பொய் ஒரேயொரு எண். இருபத்துமூன்று என்று சொல்லவேண்டிய இடத்தில் இருபத்திரண்டு என்றேன்.

அந்த ஒன்றால் ஒரு மனிதன் அழிந்தான்.

எனக்கு இப்போது வயது எண்பது. நாளொன்றுக்கு ஏழு குளிசை. காலையில் நான்கு, இரவில் மூன்று. எண்ணுவது என் பழக்கம். பழக்கமா, நோயா? என் மனைவி இருந்தவரைக்கும் நோய் என்றுதான் சொன்னாள். அவள் எனக்கு எத்தனை அகப்பை சோறு போட்டாள் என்பதைக்கூட நான் வாய்க்குள் எண்ணுவேனாம். உண்மைதான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு கணக்கு பிழைத்தது என்றால் அது தற்செயலாகவா நடந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் குற்றம் உங்களுக்கு விளங்காது. நான் மண் ஆய்வு உத்தியோகத்தன். எந்த நிலம் எதற்கு உதவும் என்று பார்த்து எழுதுவது என் வேலை. நெல்லுக்கா, தென்னைக்கா, மேய்ச்சலுக்கா, காடாகவே விட்டுவிடுவதா... குளம் திருத்தவும் வாய்க்கால் வெட்டவும் முன்னால் எங்களை அனுப்புவார்கள். நாங்கள் நிறம் தீட்டிக் கொடுக்கும் வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று மேலிடத்தில் தீர்மானிப்பார்கள். ஒரு கமக்காரன் தன் வயலை ஐம்பது வருடம் உழுதிருப்பான். நாங்கள் ஒரு நாளில் அதற்குத் தரம் போட்டுவிட்டு வந்துவிடுவோம்.

தரம் போட மேல்மண்ணைக் கிண்டிப் பார்த்தால் போதாது. குழி வெட்டவேண்டும். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம். ஒரு பக்கத்தில் இறங்குவதற்கு மூன்று படி. எதிர்ப்பக்கச் சுவரைக் கத்தியால் நேராகச் சீவி, மண் அடுக்கடுக்காக மாறுவதைப் படிக்கவேண்டும். நிறம், ஈரம், பரல் கற்கள், வேர்... அந்தச் சுவரை நாங்கள் முகம் என்போம். முகத்தில் வெயில் விழவேண்டும். நிழலில் நிறம் சரியாகத் தெரியாது. முகத்துக்கு மேலே ஒரு பிடி மண்ணும் கொட்டக்கூடாது; கொட்டினால் மேற்படை குழம்பிவிடும். வெட்டிய மண்ணை வலப்பக்கமும் இடப்பக்கமும்தான் குவிக்கவேண்டும்.

ஒருவன் உள்ளே இறங்கி முகத்தைப் பார்த்து நின்றால் தலை மட்டும் வெளியே தெரியும். முன்னே வெட்டவெளி. இரண்டு பக்கமும் மண்மேடு...

இது எதைப்போல இருக்கிறது என்று உங்களுக்கு இப்போதே தோன்றியிருக்கும். பதினாறு வருடம் இந்தக் குழிகளை வெட்டிய எனக்கு அது தோன்றவில்லை!

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்தது கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே ஒரு சிறு குளத்தின் கீழ் நிலங்கள். ஊரின் பெயரை எழுதமாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தினமும் காலையில் நகரத்திலிருந்து மூதூர் லோஞ்சில் கடலைக் கடப்போம். அந்தக் கரையில் ஜீப் நிற்கும். நான், சாரதி, குழி வெட்டும் தொழிலாளி கந்தையா. மூன்றே பேர்.

போர் தொடங்கிவிட்ட காலம். வேலைக்குப் போவதற்கு முகாமில் அனுமதிக் கடிதம் வாங்கவேண்டும். எங்கள் கடிதத்தில் 'வீதியில் உள்ள மதகு வரை' என்று இருந்தது. மதகுக்கு அப்பால் போகக்கூடாது. அப்பால் பெடியள், ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியள், நடமாடுகிறார்கள் என்று பேச்சு.

மதகுக்கு இப்பால் இருபத்திரண்டு குழிகள். எல்லாம் வெட்டி, படித்து, மூடியாயிற்று. மிச்சம் ஒன்று. அது மதகுக்கு அப்பால் முந்நூறு யார், அதாவது தொள்ளாயிரம் அடி தூரத்தில் வெட்டவேண்டிய குழி.

விட்டிருக்கலாம். 'பாதுகாப்பு நிலைமை காரணமாகப் பார்வையிடப்படவில்லை' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த நாட்களில் எல்லோரும் எழுதிய வரி. ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

என்னால் ஏலவில்லை. வரைபடத்தில் அந்த இடம் மட்டும் நிறமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. தொண்ணூறு ஏக்கர். இரவு படுத்தால் அந்த வெள்ளைத் துண்டுதான் கண்ணுக்குள் நின்றது. மக்கள்மேல் வைத்த அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள்... கணக்கு முடியாத அரிப்பு. அவ்வளவுதான்.

செப்டெம்பர் ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, ஜீப்பை மதகடியில் விட்டுவிட்டு நானும் கந்தையாவும் நடந்து போனோம்.

அந்தக் காணி தம்பிராசாவுடையது. ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும். நாற்பதைத் தாண்டிய, நெடிய, கறுத்த மனிதர். வேலியடியில் மாடு அவிழ்த்துக்கொண்டு நின்றவர் எங்களைக் கண்டதும் ஓடி வந்தார்.

“ஐயா, இதில வேண்டாம்.”

“ஒரு நாள் வேலை. வெட்டிப் பார்த்திட்டு மூடிவிடுவம்,” என்றேன்.

“உங்கட கடுதாசி மதகோட முடியுதெண்டெல்லோ கதை?”

கந்தையா குழி தோண்டும் அலவாங்கின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் சொல்லியிருக்கவேண்டும்.

“இது அரசாங்க வேலை, தம்பிராசா. ஆரும் கேட்டால் என்ட பேரைச் சொல்லுங்கோ. நான் இருக்கிறன்.”

நான் இருக்கிறன்! இதைவிட இலேசாக வாயில் வரும் சொல் தமிழில் வேறு உண்டா?

அவர் எங்கள் அலவாங்கையும் என்னையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “சரி, வெட்டுங்கோ. மண்ணுக்கும் சாதகம் எழுதிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்.”

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி அன்னலெட்சுமி குரல் கொடுத்தா: “செவ்வாய் தோசம் இருக்கோ எண்டும் கேளுங்கோ! இல்லாட்டி ஏன் இந்த நிலம் இன்னும் வாய்க்கால் வராமக் கிடக்கு?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குழி தயார். பின்னேர வெயில் விழும்படி முகத்தைக் கிழக்குச் சுவரில் சீவியிருந்தோம். இறங்கிப் பார்த்தேன்... அப்படியொரு மண்ணை அந்த மாவட்டத்தில் அதற்கு முன்னும் நான் காணவில்லை, பின்னும் காணவில்லை. இரண்டடி ஆழம் வரை கபில நிறத்தில் பொலபொலவென்ற மண். அதன்கீழ் ஈரம் பிடித்து வைக்கும் களி. உப்பு இல்லை. பரல் இல்லை. இருபத்திரண்டு குழிகளில் காணாததை இந்த ஒன்றில் கண்டேன். முதல் தரம்! வாய்க்கால் மட்டும் வந்தால் இரண்டு போகம் நெல் கண்ணை மூடிக்கொண்டு விளையும்.

தம்பிராசாவிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “அது எங்களுக்குத் தெரியும் ஐயா. நீங்கள் மேல தெரியப்படுத்துங்கோ, காணும்,” என்றார்.

குழியின் அடியில், நாலரை அடிக்குக் கீழே, மண் கசிந்துகொண்டிருந்தது. நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது என்று பார்க்க, குழியை ஒரு இரவு திறந்து விடவேண்டும். காலையில் வந்து நீர்மட்டத்தை அளந்தால்தான் குறிப்பு முழுமையாகும். இது எங்கள் தொழிலின் முறை.

“ஐயா, மூடிட்டுப் போவம்,” என்றார் கந்தையா. “தேவையெண்டால் நாளைக்குத் திரும்ப வெட்டித் தாறன்.”

“மூடினால் தண்ணி எப்பிடித் தெரியும்? காலமை வந்து பார்த்திட்டு மூடுவம்.”

தம்பிராசாவிடம் கன்று போடப்போகிற பசு ஒன்று இருந்தது. அது இருட்டில் குழிக்குள் விழுந்துவிடக்கூடாது என்று எனக்குக் கவலை. பனையோலை கொண்டுவரச் சொல்லி மேலே பரப்பினோம். பதினான்கு ஓலை. நான் எண்ணினேன்.

கவனித்தீர்களா? படியோடு ஒரு குழி. இரு பக்கமும் மண்மேடு. மேலே ஓலை மறைப்பு. முகம் கிழக்கே. கிழக்கே நூற்றிருபது யார் தூரத்தில் படையினரின் வாகனங்கள் போய்வரும் வீதி...

சனிக்கிழமை விடியற்காலை அந்த வீதியில் ஏதோ வெடித்தது. லோஞ்சை நிறுத்திவிட்டார்கள். நான் துறைமுகத்தடியில் அளவு நாடாவும் கையுமாக எட்டு மணி வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். எனக்கு அப்போது இருந்த பெரிய கவலை நீர்மட்டக் குறிப்பு தவறிவிட்டதே என்பது. ஞாயிறும் லோஞ்சு இல்லை. திங்கட்கிழமை அந்த ஊரைச் சுற்றிவளைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குக் கந்தோருக்குப் போகும்போது கந்தையா வாசலில் நின்றார்.

“ஐயா, தம்பிராசாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அந்தக் குழியாலதான். பங்கர் எண்டு சொல்லுறாங்களாம். இஞ்ச ரவுணுக்குத்தான் கொண்டு வந்திருக்கிறாங்கள். போய்ச் சொல்லுங்கோ ஐயா, அது எங்கட குழியெண்டு.”

“சொல்லுறன்,” என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும்... நம்பாவிட்டாலும் பரவாயில்லை. பத்து மணிக்கு முகாமிலிருந்து என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. தம்பிராசா என் பெயரைச் சொல்லியிருந்தார். நான் சொல்லச் சொன்னபடியே.

முகாமின் விறாந்தையில் அவர் நிலத்தில் இருந்தார். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. இடப்பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எந்தச் சொல்லில் எழுதுவேன்! எழும்பப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சிப்பாய் தோளில் கைவைத்து அமர்த்தினான்.

அதிகாரி இளைஞன். முப்பது வயது இராது. எனக்குக் கதிரை தந்தான். தேநீர் வரவழைத்தான். ஆங்கிலத்தில் பேசினான், என் படிப்பை மதித்துப் பேசினான் என்றுகூடச் சொல்லவேண்டும். விறாந்தையும் அவனுடைய மேசையும் ஒரே கூரையின் கீழ்தான். தம்பிராசாவுக்கு எங்கள் குரல் கேட்கும். ஆங்கிலம் விளங்காது.

“வீதியைப் பார்த்தபடி ஒரு பதுங்குகுழி கண்டுபிடித்திருக்கிறோம். அதை நீங்கள் வெட்டியதாக இந்த மனிதர் சொல்கிறார். உங்களுடையதென்றால் சொல்லுங்கள். இவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.”

அப்படித்தான் சொன்னான். இவ்வளவு எளிதாக!

ஆனால் மேசையில் எங்கள் அனுமதிக் கடிதத்தின் பிரதி கிடந்தது. மதகு என்ற சொல்லின் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். மதகுக்கு அப்பால் ஏன் போனாய் என்று கேட்பான். யாரைப் பார்க்கப் போனாய் என்று கேட்பான். பிறகு விறாந்தையில் இரண்டு பேர் இருப்போம்...

இதெல்லாம் அவன் கேட்கவில்லை. கேட்டிருப்பானா என்றும் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

“மொத்தம் எத்தனை குழி வெட்டினீர்கள்?”

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. பத்து நாற்பது.

“இருபத்திரண்டு.”

“எல்லாம் மதகுக்கு இந்தப் பக்கமா?”

“இந்தப் பக்கம்.”

“மூடிவிட்டீர்களா?”

“மூடிவிட்டோம்.”

அந்த இருபத்திரண்டும் இந்தப் பக்கம்தான், மூடித்தான் இருந்தன என்று அப்போதே மனதுக்குள் ஒருவன் வாதாடினான். எவ்வளவு கெட்டிக்காரன் அவன்! முப்பத்தொன்பது வருடமாக எனக்குள் இருந்துகொண்டு அதே வாதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு அலுத்துவிட்டது. அவனுக்கு அலுக்கவில்லை.

அதிகாரி தலையை ஆட்டினான். “தேநீர் ஆறுகிறது,” என்றான். நான் குடித்தேன். கோப்பையின் அடிவரைக்கும் குடித்தேன்.

வெளியே வரும்போது தம்பிராசாவைக் கடந்துதான் வரவேண்டும். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

“பெரிய உபகாரம் ஐயா! நீங்கள் வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும். வீட்டில சொல்லிவிடுங்கோ, பின்னேரம் வந்திருவன் எண்டு.”

“ஓம்,” என்றேன்.

கந்தையா முகாமுக்கு எதிரே தேநீர்க்கடையடியில் காத்துக்கொண்டு நின்றார்.

“சொன்னீங்களோ ஐயா?”

“சொன்னனான்.”

“விடுவாங்களோ?”

“பாப்பம்.”

அன்று பின்னேரம் தம்பிராசா வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. வேறொரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நாலைந்து நாள் கழித்துக் கேள்விப்பட்டேன்.

ஏன் அடுத்த நாளே போய் உண்மையைச் சொல்லவில்லை? நேற்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு வாரம் கழித்துப் போனால் ஏழு நாள் ஏன் பேசாமல் இருந்தாய் என்பார்களே? ஒரு மாதம் போனது. நாள் போகப்போகச் சொல்வது இலேசாகவில்லை, கடினமானது... உண்மையைச் சொல்வதற்கான விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. முதல்நாள் விலையையே கொடுக்காதவன் பிறகு எங்கே கொடுப்பான்?

இனிச் சொல்லப்போவது இரண்டாவது குற்றம். முதலாவதைப் பயத்தின் தலையில் போடலாம். இதைப் போட முடியாது.

அறிக்கை எழுதும் நேரம் வந்தது. முகாமில் இருபத்திரண்டு என்று சொன்னவன் அறிக்கையில் இருபத்துமூன்று என்று எழுத முடியுமா? முடியாது. ஆகவே அந்தக் குழி இல்லாமற் போகவேண்டும். குழி இல்லையென்றால் அந்த மண்ணும் இல்லை. தொண்ணூறு ஏக்கரை என்ன செய்வது? வெள்ளையாக விட்டிருக்கலாம். அதற்கும் மனம் வரவில்லை. பக்கத்தில் மதகுக்கு இப்பால் கிடந்த பரல் நிலத்தின் நிறத்தை அப்படியே நீட்டி அதன்மேலும் தீட்டினேன். 'நெல்லுக்குப் பொருத்தமற்றது. மேய்ச்சலுக்கு விடலாம்.' என் கையெழுத்து. என் நிறப்பென்சில்.

குழிகளின் மண் மாதிரிப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்த கந்தையா நிமிர்ந்தார். “ஐயா, இருபத்துமூண்டெல்லோ?”

“இருபத்திரண்டு, கந்தையா.”

அவர் கையிலிருந்த பையின் கயிற்றை இறுக்கினார். அவர் நாட்கூலி. நான் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குச் சம்பளம்.

“அப்ப, நான் ஒண்டைச் சும்மா கனவில வெட்டியிருக்கிறன் போல,” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு வேலைக்கு மேலே ஒரு சொல் கதைத்ததில்லை. இருபத்துமூன்றாவது பையை எடுத்துக் கொண்டுபோய்க் கந்தோர்ப் பின்வளவில் இருந்த பூச்செடிக்குக் கொட்டினார்.

தம்பிராசா ஒரு வருடமும் ஐந்து மாதமும் கழித்துத் திரும்பி வந்தார் என்று சாரதி மூலம் அறிந்தேன். உயிரோடு வந்துவிட்டார்! அன்றிரவு நான் நிம்மதியாக உறங்கினேன் என்பதையும் வெட்கத்தோடு இங்கே எழுதுகிறேன். போய்ப் பார்க்கவில்லை. பாதை சரியில்லை என்றேன். பிறகு சண்டை பெருத்தது. ஊர் சிதறியது, திரும்பியது, மறுபடி சிதறியது. பாதை சரியில்லாத காலம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

2003ஆம் ஆண்டு. சண்டை நின்றிருந்த நாட்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை லோஞ்சேறிப் போனேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன்.

அன்னலெட்சுமி முற்றத்தில் நெற்றியில் கைவைத்து என்னைப் பார்த்தா. தலை முழுதும் நரைத்திருந்தது.

“கந்தோர் ஐயா எல்லோ! பிள்ளை, கதிரையைக் கொண்டா! ஐயா வந்திருக்கிறார்!”

மகள் வந்தாள். மருமகன் வந்தான். நான் கொண்டுபோன வாழைப்பழச் சீப்பை வாங்கி உள்ளே வைத்தார்கள். வீட்டுச் சுவரில் தம்பிராசாவின் படம் மாலையோடு இருந்தது.

“அவர் போய் நாலு வருசம் ஐயா. வந்த பிறகு வலக்கை தோளுக்கு மேல எழும்பேல்ல. மண்வெட்டி பிடிக்க ஏலாது. நான்தான் கொத்தினனான்.” அவ இதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. மழை தண்ணி பற்றிச் சொல்வதுபோலச் சொன்னா. “ஆனா உங்களைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. ஊரில ஒரு சனம் வாய் திறக்கேல்ல, கந்தோர் ஐயா ஒருத்தர்தான் முகாமுக்குள்ள போய் எனக்காக இங்கிலீசில கதைச்சவர் எண்டு எல்லாருக்கும் சொல்லுவார்.”

கோப்பையில் பிளேன்ரீ வந்தது.

“வாய்க்கால் பார்த்தனீங்களோ? மதகோட நிண்டிட்டுது. அங்கால் இரண்டு போகம் செய்யினம். எங்களுக்கு மழையை நம்பி ஒரு போகம். இந்த மண் நெல்லுக்குச் சரியில்லையாம். ஆரோ எழுதிப்போட்டாங்கள். நீங்கள் இறங்கிப் பார்த்த ஆள்தானே ஐயா... அவ்வளவு மோசமோ எங்கட மண்?”

“இல்லை. நல்ல மண்,” என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை யார் எழுதியது என்று அவ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அவ சிரித்துக்கொண்டு கேட்டா:

“அவர் ஒண்டு சொல்லிச் சிரிப்பார் ஐயா. இரண்டு கிளாஸ் கள்ளு உள்ளுக்குப் போனால் வரும். ‘கந்தோர் ஐயா பெரிய படிப்பாளி, ஆனா இருபத்திரண்டுக்குப் பிறகு எண்ணத் தெரியாது’ எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என்னண்டு கேட்டால் சொல்லமாட்டார். அது என்ன பகிடி ஐயா?”

...

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தெரியாமல் எப்படி இருக்கும்? உன் ஐயா இருபத்திரண்டு என்கிறாரே, அப்படியானால் இது யாருடைய குழி என்று கேட்டுக் கேட்டுத்தானே அந்தக் கையை அப்படி ஆக்கியிருப்பார்கள்! அதைக் கேட்டுக்கொண்டு, தாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு வருடம் தன் மனைவியிடமும் ஊரிடமும் என்னைப் புகழ்ந்திருக்கிறார்.

ஏன்? என்மேல் இரக்கமா? ஒரு மனிதனாவது எனக்காகப் பேசினான் என்று சொல்லிக்கொள்வது அவருக்கே தேவைப்பட்டதா? அல்லது நான் என்றாவது அந்த முற்றத்துக்கு வருவேன், அந்தப் பகிடி என் காதில் விழும் என்று காத்திருந்தாரா? அது மன்னிப்பா, தண்டனையா? படத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பொட்டு வைத்திருந்தார்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தா. மகளும் மருமகனும் சிரிப்பதற்கு ஆயத்தமாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கும் விளங்கேல்ல, தங்கச்சி,” என்றேன்.

திரும்பும்போது என்னை பஸ்ஸில் போக விடவில்லை. மருமகன் மோட்டார் சைக்கிளில் இறங்குதுறை வரை கொண்டுவந்து விட்டான். நான் தடுக்கத் தடுக்க லோஞ்சு ரிக்கற்றையும் அவனே வாங்கி என் சட்டைப் பைக்குள் வைத்தான். “மாமாவுக்காகக் கதைச்ச மனிசனிட்ட நாங்கள் காசு வாங்குறதோ ஐயா?” என்றான்.

அந்தப் பயணத்துக்குப் பிறகும் இருபத்தொரு வருடம் போய்விட்டது. அந்தப் பக்கம் நான் மறுபடி போகவில்லை. வரைபடத்தைத் திருத்தச் சொல்லி ஒருவருக்கும் எழுதவில்லை. எழுதினால் காரணம் கேட்பார்கள்... இந்த வயதிலும் எனக்கு அந்தக் கேள்விக்குப் பயம்.

நீங்கள் என்னைத் திட்டலாம். அல்லது, அந்தக் காலம் அப்படி, நீ என்ன செய்வாய் என்று ஆறுதல் சொல்லலாம். இரண்டையும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் ஒட்டவில்லை.

தம்பிராசாவுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். என் உத்தியோகம் போகவில்லை. இரண்டு பதவியுயர்வு கிடைத்தது. ஓய்வூதியத்தில் ஒரு சதம் குறையவில்லை. மனைவிக்குத் தெரியாததால் வீட்டில் மதிப்பும் குறையவில்லை. என் கையிலிருந்து போனது இவ்வளவுதான்: 2003இல் அந்த வெள்ளிக்கிழமை போகும்போது லோஞ்சுக்கு முப்பத்தைந்து ரூபா. பஸ்ஸுக்குப் பன்னிரண்டு. வாழைப்பழம் ஒரு சீப்பு, நாற்பது. மொத்தம் எண்பத்தேழு ரூபா.